பேச்சை எழுதித் தர வேண்டாம், எதிர்த்துப் பேசட்டும்

பள்ளி மாணவர்களுக்கு விவாதப் போட்டி நடத்தும் தமிழ்ச் சங்கங்கள், இலக்கிய மன்றங்கள், சேவை அமைப்புகள், கல்லூரித் தமிழ்த் துறைகள், அங்கெல்லாம் நடுவராக வந்து அமரும் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. இலக்கிய மன்றப் பொறுப்பும் என் தலையில் இருப்பதால், உங்கள் போட்டி அறிவிப்புகள் தலைமையாசிரியர் மேசையிலிருந்து நேராக என்னிடம்தான் வரும். இந்த ஆண்டு வந்தவற்றில் சிலவற்றில் புதிதாக ஒரு வரி முளைத்திருக்கிறது: ‘செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தயாரித்த உரைகள் ஏற்கப்படமாட்டா.’ அதற்கு மேலே, தலைப்பும் அணியும் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே தெரிவிக்கப்படும் என்ற குறிப்பு. கீழே, வழக்கம்போல, நடுவர் தீர்ப்பே இறுதியானது. மூன்றையும் சேர்த்துப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஒரு பிள்ளையிடம் தலைப்பைக் கொடுத்து, எந்தப் பக்கம் பேச வேண்டும் என்றும் சொல்லி, இரண்டு வாரம் அவகாசமும் தந்து, மேடையில் நான்கு நிமிடம் யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று விதியும் வைத்தால், அங்கே நடப்பதை விவாதம் என்று எப்படிச் சொல்வது? மனப்பாடம் செய்த கட்டுரையை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பதுதான் அது. அந்தக் கட்டுரையை இதுவரை யார் எழுதினார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தமிழாசிரியர் எழுதுவார். எம்.ஏ. படித்த அத்தை எழுதுவார். சில ஊர்களில் பேச்சு எழுதித் தருவதற்கென்றே ஓர் ஐயா இருப்பார். தலைப்பைச் சொன்னால் மறுநாள் காலையில் மூன்று பக்கம் ரெடி. அதையெல்லாம் எந்த அறிவிப்பும் தடுத்ததில்லை. அத்தை எழுதினால் செல்லும், கைப்பேசி எழுதினால் செல்லாது என்பதற்கு என்ன நியாயம் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. தவிர, எது யார் எழுதியது என்று மேடையில் கண்டுபிடிக்க உங்களிடம் வழியும் இல்லை.

அதனால் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. அந்த வரிக்கே வேலையில்லாதபடி போட்டியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். சாட்பாட் (நாம் தட்டச்சு செய்வதற்குப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலி) எழுதித் தரும் பேச்சு உங்கள் மேடையில் ஒரு மதிப்பெண்கூட வாங்கித் தராது, ஆனால் சாட்பாட்டோடு மல்லுக்கட்டிப் பழகிய பிள்ளை நின்று பேசும் என்ற நிலை வந்துவிட்டால், தடையை யாரும் மீற வேண்டிய அவசியமே இருக்காது.

மல்லுக்கட்டுவது என்று சொன்னேன். எங்கள் வகுப்பில் அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. ஸ்மார்ட் போர்டில் என் கணக்கிலிருந்து ஒரு சாட்பாட்டைத் திறந்து வைப்பேன். தட்டச்சு செய்வது நான் மட்டும். பிள்ளைகள் எழுந்து நின்று வாய்விட்டுப் பேச வேண்டும். அதைச் சுருக்கி நான் உள்ளே இடுவேன். தொடங்கும் முன் அதற்கு ஒரு கட்டளை உண்டு. பல மாதம் தட்டித் தட்டிச் சரிசெய்தது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்: ‘நீ எதிரணிப் பேச்சாளர். என்னைப் பாராட்டாதே. நான் சொன்னதில் எந்த இடம் வலுவில்லாமல் இருக்கிறதோ அதை மட்டும் பிடித்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் எழுதாதே. திருக்குறள், மேற்கோள், புள்ளிவிவரம் எதுவும் தராதே. நான் சரியான பதில் சொல்லாதவரை விட்டுக்கொடுக்காதே.’

போன பருவத்தில் ஒரு தலைப்பு: ‘பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது சரியே.’ எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் உள்ள தலைப்பு கிடையாது. 2017-18-இல் கொண்டுவந்த தேர்வு; 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு போய்விட்டது. வணிகவியல் பிரிவு மாணவி ஒருத்தி எழுந்தாள். தேர்வு போனதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மன அழுத்தம், அடுத்தடுத்து மூன்று வருடம் பொதுத்தேர்வு, விளையாட நேரமில்லை என்று அழகாகவே அடுக்கினாள். போட்டி மேடையாக இருந்தால் அதோடு கைதட்டு வாங்கி இறங்கியிருப்பாள்.

போர்டில் கேள்வி வந்தது. இந்தத் தேர்வைக் கொண்டுவந்ததே, சில பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன என்பதால்தானே, இனி அதை யார் தடுப்பார்கள் என்று. அவள், ‘அதிகாரிகள் ஆய்வுக்கு வருவாங்க’ என்றாள். ‘2017-க்கு முன்பும் அதிகாரிகள் இருந்தார்களே’ என்று வந்தது பதில். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ‘மிஸ், நான் அடுத்த வாரம் சொல்றேன்’ என்று உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் வந்தாள். நீட் தேர்வின் பாடத்திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டு இரண்டுமே இருக்கின்றன, அதனால் மருத்துவத்துக்குத் தயார் செய்யும் பள்ளிகள் பதினொன்றை நடத்தாமல் விட முடியாது என்றாள். தெருவில் யாரோ அக்காவிடம் கேட்டு வந்திருக்கிறாள். சாட்பாட் விடவில்லை: நீட் எழுதாத வணிகவியல் மாணவர்களின் கதி என்ன? அவ்வளவுதான், அவள் தன் ஊருக்குள் வந்துவிட்டாள். ‘பதினொன்னுல குறிப்பேடு, பேரேடு தெரியாம பன்னெண்டுல கூட்டாண்மைக் கணக்கு எப்படி மிஸ் போடுறது? எங்க அக்கவுண்டன்சி சார் நடத்தித்தான் ஆகணும், இல்லன்னா அவருக்குத்தான் கஷ்டம்!’ அதைத் தட்டச்சு செய்தேன். எதிரணிக்குப் பதில் வரவில்லை. நீங்கள் சொல்வது மிகச் சிறந்த வாதம் என்று குழைய ஆரம்பித்துவிட்டது. பாராட்டாதே என்று சொல்லி வைத்தும்.

உண்மையான வேலை இதற்கு அப்புறம்தான். ‘இப்போ அணி மாறு’ என்றேன். தேர்வு வேண்டும் என்று அவளே பேச வேண்டும். சாட்பாட் இப்போது தேர்வு வேண்டாம் என்னும் பக்கம். முனகிக்கொண்டே எழுந்தாள். முதலில் பொதுவாக ஏதோ சொன்னாள், படிப்பில் அக்கறை வரும் என்றெல்லாம். பிறகு கொஞ்சம் நிறுத்திவிட்டு, ‘பொதுத்தேர்வு இருக்குன்னாத்தான் மிஸ் வீட்ல என்னைப் படிக்க விடுவாங்க’ என்றாள். பொதுத்தேர்வு வருடம் என்றால் கல்யாண வீடு, காதுகுத்துக்கு இழுத்துப் போக மாட்டார்கள். மாவாட்டச் சொல்ல மாட்டார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அம்மாவிடமே இருக்கும். தேர்வு இல்லையென்றால் பதினொன்றாம் வகுப்பு வீட்டு வேலைக்கு வந்த வருடம். பின் வரிசையில் இரண்டு மூன்று தலைகள் ஆடின.

உலகத்தில் உள்ள எந்த சாட்பாட்டும் அந்த வாதத்தை எழுதித் தந்திருக்காது. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதித் தந்த எனக்கும் அது தோன்றியிருக்காது. ஆனால் தன் பக்கத்தை மட்டுமே பேசிவிட்டு அவள் உட்கார்ந்திருந்தால் அவளுக்கும் அது தோன்றியிருக்காது என்பதுதான் நான் உங்களிடம் சொல்ல வருவது. தேர்வு போனது நல்லது என்ற கருத்தை அவள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது அதோடு, ‘அப்படின்னா பொண்ணுங்களுக்கு வீட்ல படிக்க நேரம் கிடைக்க வேற என்ன வழி’ என்ற கேள்வியையும் சேர்த்தே பேசுகிறாள்.

நம்பாத பக்கத்தைப் பேசச் சொன்னால் பிள்ளை இரட்டை நாக்கு ஆகிவிடாதா என்று ஒரு மூத்த நடுவர் என்னிடம் கேட்டார். பழைய கேள்வி. 1954-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வந்த விவாதத் தலைப்பு, கம்யூனிஸ்ட் சீனாவுக்குத் தங்கள் நாடு தூதரக அங்கீகாரம் தர வேண்டும் என்பது. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியும் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியும் எங்கள் மாணவர்கள் இதில் பேச மாட்டார்கள் என்று ஒதுங்கின. வாயால் சொன்னாலே நாட்டுப்பற்று கெட்டுவிடும் என்ற பயம். 1979-இல் அமெரிக்க அரசே அந்த அங்கீகாரத்தைக் கொடுத்தது, அது வேறு கதை.

நம் ஆட்களுக்கு இந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. அருணந்தி சிவாச்சாரியார் 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை இரண்டு பகுதியாகச் செய்தார். முதல் பகுதி பரபக்கம். கடவுளையும் மறுமையையும் ஏற்காத உலகாயதர் தொடங்கி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை அவர்கள் பக்கம் நின்று எடுத்துவைத்து, அப்புறம்தான் மறுப்பு. தன் கொள்கைக்குச் சுபக்கம் பிறகு வருகிறது. நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது நூல் எழுதுபவர் கைக்கொள்ளும் கொள்கைகளில், ஒன்று ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’. பிறர் கொள்கையை முதலில் ஏற்று நின்று பிறகு களைவது. பொதுப்பாயிரத்திலேயே இருக்கிறது, நம்மில் தமிழ் படித்தவர்கள் எல்லாரும் தேர்வுக்கு எழுதியதுதான். எழுதியதோடு சரி.

இதைச் செய்ய சாட்பாட் எதற்கு, வகுப்பில் இன்னொரு பிள்ளை போதாதா என்று கேட்கலாம். நகரத்துப் பெரிய பள்ளிகளில் போதும். அங்கே விவாதக் கழகம் இருக்கும், பயிற்சியாளர் இருப்பார், கல்லூரிக்குப் போன பழைய மாணவர்கள் சனிக்கிழமை வந்து எதிரணியாக நிற்பார்கள். எங்கள் பள்ளியில் நன்றாகப் பேசும் பிள்ளைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களும் ஒரே பேருந்தில் வந்து, ஒரே டியூஷனுக்குப் போய், ஒரே மாதிரி யோசிப்பவர்கள். ஒருத்தியை மற்றவள் மடக்கினால் மறுநாள் டிபன் பாக்ஸைப் பகிர மாட்டாள். கம்பு சுற்றக் கற்க எதிரே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அடித்தால் வலிக்கும், ஆனால் பகை வராது என்றால் இன்னும் நல்லது. சாட்பாட்டிடம் தோற்றால் அவமானம் இல்லை. எத்தனை முறை கேட்டாலும் அதற்கு அலுப்பும் இல்லை. கூச்சப்படும் பிள்ளைகள் முதலில் வாய் திறப்பது இப்படித்தான்.

ஆனால் இது எதற்கு லாயக்கில்லை என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், நடுவர்களுக்குக் குறிப்பாக.

முதல் கோளாறு, அதற்கு ஆமாம் போடும் வியாதி இருக்கிறது. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே அதன் உள்ளே இயங்கிய ஜிபிடி-4ஓ-வுக்குச் செய்த ஒரு புதுப்பிப்பை, அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறது என்று திரும்பப் பெற வேண்டி வந்தது. எதிரணியாக நிற்கச் சொன்னாலும் நாலாவது பதிலில் ‘இரு தரப்பிலும் நியாயம் உள்ளது’ என்று சமரசத்துக்கு வந்துவிடும். பட்டிமன்ற நடுவர்கூடக் கடைசியில்தான் அதைச் சொல்வார்.

அடுத்தது பெரியது. கேட்டால் திருக்குறள் தரும். எண்ணும் தரும். அந்த எண்ணில் போய்ப் பார்த்தால் வேறு குறள் இருக்கும். சில சமயம் இரண்டு அடி, ஏழு சீர் எல்லாம் கணக்காக இருக்கும், வள்ளுவர் மட்டும் அதை எழுதியிருக்க மாட்டார். பாரதி சொன்னார், அண்ணா சொன்னார் என்று வருவதும் இப்படித்தான். நான் மேற்கோள் தராதே என்று கட்டளையில் சேர்த்தது இதற்காக. பிள்ளைகளுக்கும் விதி ஒன்றுதான்: புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்ட முடியாத மேற்கோள் மேடை ஏறக் கூடாது. போன வருடம் ஒரு மாவட்டப் போட்டியில் ஒரு மாணவர் இல்லாத குறளைச் சொன்னார். கைதட்டு வந்தது. மூன்று நடுவர்களும் தலையாட்டினார்கள். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அப்புறம் அதன் தமிழ். ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’, ‘நாணயத்தின் இரு பக்கங்கள்’, ‘இன்றைய வேகமான உலகில்’. ஒரே போட்டியில் நாலு பிள்ளைகள் ‘இன்றைய வேகமான உலகில்’ என்று தொடங்கினால் அத்தனைக்கும் பெற்றோர் யார் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகள் வாயில் வரும் தமிழை அது பாதி நேரம் புரிந்துகொள்ளாது. நான் நடுவில் உட்கார்ந்து தட்டச்சு செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

குரல், மேடைக் கூச்சம், கூட்டத்தின் கண்ணைப் பார்ப்பது, மைக் விசில் அடிக்கும்போது தடுமாறாமல் நிற்பது, இதில் எதையும் அது கற்றுத் தராது. அதனால் ஒவ்வொரு தலைப்பும் கடைசியில் மனிதருக்கு மனிதர் சுற்றில்தான் முடிய வேண்டும். போர்டை அணைத்துவிட்டு இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தினால்தான் சாட்பாட்டிடம் பழகியது எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று தெரியும்.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி. 2019 பிப்ரவரி 11-இல் சான் பிரான்சிஸ்கோவில், ஐபிஎம் நிறுவனம் விவாதத்துக்கென்றே செய்த ‘ப்ராஜெக்ட் டிபேட்டர்’ என்ற இயந்திரம் ஹரிஷ் நடராஜனோடு மேடையேறியது. அவர் 2016 உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியில் இறுதிச் சுற்று வரை போனவர். மழலையர் பள்ளிகளுக்கு அரசு மானியம் தர வேண்டும் என்பது தலைப்பு. இயந்திரம் ஆதரவு, அவர் எதிர்ப்பு. தயாரிக்க இருவருக்கும் 15 நிமிடம். தொடங்கும்போது கூட்டத்தில் 79 சதவீதம் பேர் மானியத்துக்கு ஆதரவு. முடிந்தபோது 62. யார் அதிகம் பேரின் மனத்தை மாற்றினார் என்பதுதான் கணக்கு, அதனால் ஹரிஷ் ஜெயித்தார். ஆனால் உங்களுக்கு அதிகமாகத் தகவல் தந்தது யார் என்று அதே கூட்டத்தைக் கேட்டபோது 58 சதவீதம் பேர் இயந்திரத்தைச் சொன்னார்கள், அவரைச் சொன்னவர்கள் 20 சதவீதம்தான். இப்போதைய சாட்பாட்கள் அதைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் என் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை நான் அடிக்கடி சொல்வதுண்டு. தகவலை அடுக்குவது ஒரு வேலை. எதிரே இருப்பவர் சொன்னதைக் காதில் வாங்கி, அதிலிருந்தே பிடித்து, கூட்டத்தின் மனத்தை நகர்த்துவது வேறு வேலை. நம் போட்டிகளில் மதிப்பெண் எதற்குப் போகிறது?

மதிப்பெண் தாளை எடுத்துப் பாருங்கள். உச்சரிப்பு, குரல் வளம், மேற்கோள், கருத்து, நேரம். மறுப்புக்கு ஒரு கட்டம் உண்டா? பெரும்பாலும் இல்லை, இருந்தால் ஐந்து மதிப்பெண். எதிரணி என்ன பேசியது என்று காதில் வாங்காத பிள்ளையும் முதல் பரிசு வாங்கலாம், வாங்கியும் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை, செலவும் இல்லை. தலைப்பை இரண்டு வாரம் முன்பே கொடுங்கள், அதில் தப்பில்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் படித்துத் தயாராக நேரம் வேண்டும். அணியை மட்டும் அன்று காலையில் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், பேச்சுக்கு 15 நிமிடம் முன்பு. உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் தலைப்பே 15 நிமிடம் முன்புதான் தெரியும், அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. 7 நிமிடப் பேச்சில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் எதிரணி எழுந்து கேள்வி எழுப்பலாம்; ஏற்பதும் மறுப்பதும் பேசுபவர் விருப்பம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நான்கு நிமிடப் பேச்சுக்குப் பிறகு இரண்டு நிமிடம் எதிரணி கேள்வி கேட்கட்டும், மணி அடிப்பவர் அதற்கும் ஒரு மணி அடிக்கட்டும். மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு மறுப்புக்கும் பதிலுக்கும் போகட்டும். மேற்கோள் சொன்னால் எந்த நூல், எந்த இடம் என்று நடுவர் கேட்கலாம் என்று ஒரு விதி வையுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் மதிப்பெண் குறையட்டும். குறள் புத்தகம் ஒன்று மேசையில் இருந்தால் நடுவருக்கும் நல்லது.

இப்படி வைத்துவிட்டால் சாட்பாட்டிடம் ஒரு பக்கத்துக்குப் பேச்சு எழுதி வாங்கி வருபவனுக்குப் பாதி வாய்ப்பு காலையிலேயே போய்விடும். இரண்டு பக்கத்துக்கும் எழுதி வாங்கி வந்தாலும் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வான். இரண்டு பக்கமும் பேசி, அடிவாங்கி, பதில் தேடிப் பழகியவன் நிற்பான். அவன் யாரோடு பழகினான் என்பது உங்கள் கவலையாக இருக்க வேண்டியதில்லை.

தலைப்பு வைப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். இரு பக்கமும் பேச வேண்டும் என்றால் இரு பக்கமும் இருக்கும் தலைப்பாக இருக்க வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று ஆஸ்திரேலியா சட்டம் போட்டு 2025 டிசம்பரில் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது. இங்கும் வேண்டுமா என்று கேளுங்கள், பிள்ளைகள் பிய்த்து உதறிவிடுவார்கள். பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம், பள்ளியில் சீருடை, ஊருக்கு வரும் பைபாஸ், எதை வேண்டுமானாலும் வையுங்கள். ‘பெண்கள் வேலைக்குப் போவது குடும்பத்துக்கு நன்மையா தீமையா’ என்பதை மட்டும் இனி எங்கள் பிள்ளைகளிடம் அனுப்பாதீர்கள். நாலாவது முறையாக அந்தத் தலைப்பு வந்தபோது, தீமை என்று பேசச் சீட்டு விழப்போகும் பதினாறு வயதுப் பெண்ணின் முகத்தை நான் நினைத்துப் பார்த்தேன். ஒரு மனிதரின் உரிமையைப் பந்தயம் வைத்துப் பேசச் சொல்வது பயிற்சி ஆகாது. சாதி, தீண்டாமை போன்றவற்றிலும் அப்படித்தான். அங்கே ‘எதிரணியாகப் பேசு’ என்று சொன்னால் சாட்பாட் சில நேரம் நழுவும், சில நேரம் வழவழவென்று இருபுறமும் நியாயம் பேசும். இரண்டாவது, முதலாவதைவிட மோசம்.

கைப்பேசி இல்லாத பிள்ளைகளின் நிலை என்ன என்று கேட்பீர்கள். நியாயம். எங்கள் வகுப்பில் பல வீடுகளில் கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், இரவு எட்டுக்கு மேல்தான் திரும்பும். அதனால்தான் தனித்தனியாகப் பழகச் சொல்லாமல் வகுப்பில் ஒரே திரையில் எல்லாரும் சேர்ந்து செய்கிறோம். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றுதான் கணக்கில் வைக்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளுக்குக் கணக்கே தொடங்காமல், பெயரோ பள்ளியோ உள்ளே இடாமல், ஆசிரியர் கணக்கில் நடத்தினால் இந்தத் தலைவலி பெரிதாக வராது. உயர்தொழில்நுட்ப ஆய்வகமோ ஸ்மார்ட் போர்டோ உள்ள எந்த அரசுப் பள்ளியிலும் இது முடியும். இணையம் படுத்த அன்று, நான்தான் எதிரணி.

சக தமிழாசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பேச்சு எழுதித் தரும் வேலை நம் கையை விட்டுப் போகிறதே என்று சிலருக்கு வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். எனக்கு அந்த வருத்தம் கொஞ்சமும் இல்லை. ஜனவரியில் குடியரசு தினம், பொங்கல், சாலைப் பாதுகாப்பு என்று வரிசையாக எழுதிக் கொடுத்து மாளாது.

ஜூனில் பள்ளி திறந்ததும் நீங்கள் அடுத்த ஆண்டுக்கான அறிவிப்புகளைத் தயார் செய்வீர்கள். எல்லாச் சுற்றிலும் வேண்டாம். வட்ட அளவிலான முதல் சுற்றில் மட்டும் சீட்டு முறையையும் கேள்வி நேரத்தையும் ஒரு முறை வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பேசத் தயாராக ஓர் அணியை எங்கள் பள்ளியிலிருந்து அனுப்புகிறேன். எங்கள் பிள்ளைகள் கலந்துகொள்ளாத சுற்றாக இருந்தால் நடுவராக உட்காரவும் வருகிறேன். வேலை நாளாக இருந்தால் மட்டும் தலைமையாசிரியருக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் அனுப்பிவிடுங்கள். முந்தின நாள் மாலையில் வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புக்கு அனுமதி கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
சிவகங்கை மாவட்டம்